கடைசி-2 என்றொரு டோன்

மாலை ஏழு பத்துக்கு என் கீபோர்டில் இருநூற்றுப் பதினான்கு டோன்கள் இருந்தன. மணப்பெண் அபிராமி வரவேற்பு மேடைக்கு நடந்துவரத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவனின் வேலை வாசிப்பது பாதி, தேடுவது பாதி. புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் என்று ஒவ்வொரு சத்தத்தையும் வீட்டில் உட்கார்ந்து பதமாக்கி, ஒரு பெயர் வைத்துச் சேமித்திருப்போம். அந்தப் பெயரை மேடையில் மறந்து நின்ற சகோதரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அணுபுரத்தில் மழை

எந்த டோனைத் திருத்தினாலும் 'கடைசி' என்று சேமிப்பது என் வழக்கம். மறுபடி திருத்தினால் 'கடைசி-2'. அபிராமிக்கான நாதஸ்வரம் அப்படித்தான் 'கடைசி-2' ஆனது. பள்ளி நாடகம் ஒன்றுக்காகச் செய்த இடி மழையும் அதே வழக்கப்படி 'கடைசி-2' ஆகியிருந்தது. அபிராமி முதல் அடி எடுத்து வைத்தாள். நான் அழுத்தினேன். இடி இடித்தது. வெளியே பந்தியில் நான்கு பேர் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா பொறியாளர். அணுமின் நிலையத்தில் வால்வுகள் அவர் பொறுப்பு. கோபப்படாமல் மேடையேறி வந்து, கீபோர்டின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டு வால்வுக்கு நான் ஒரே பேரு வெச்சிருந்தா, என்னை என்னிக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார்.

ஸ்டெல்லாவின் சளி

எங்கள் பாடகி ஸ்டெல்லாவுக்குச் சளி பிடித்திருந்த ஒரு நாள், அவர் குரலுக்காகச் சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசித்தேன். கச்சேரி நல்லபடி போன மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் அப்படியே சேமித்தேன். இறக்கியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பத்து நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாண வரவேற்பு. பேஸ் கிடார் சரியான சுருதியில் இருந்தது, நான் அரைக் கட்டை கீழே இருந்தேன். நடுவில் ஸ்டெல்லா, எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாதவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார்.

பிறகு பாட்டை நிறுத்தி, மைக்கைக்கூட விலக்காமல் சொன்னார்: "அண்ணா, எனக்குச் சளி போயி ஒரு வாரமாச்சு. உங்க பொட்டிக்கு இன்னும் போவல."

வேனுக்குப் பக்கத்தில்

கூட்டம் சிரித்தது. குழுத் தலைவர் மோகன் அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய மச்சான் பாஸ்கர் இதே மாடல் கீபோர்டு வாங்கிவைத்துக்கொண்டு, வாசிக்க ஒரு மேடை கிடைக்காமல் இருந்தான். எனக்கு அந்தக் குழுவில் அது பதினோராவது வருடம். சாமான்களை ஏற்றி முடித்ததும் மோகன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தபா தப்பா சத்தம் வந்துச்சுன்னா, பாஸ்கரு மேல நிப்பான், நீ கீய நிப்ப."

பதினேழு மிதி

பயத்தில் ஒரு புது ஏற்பாடு செய்தேன். கச்சேரியின் இருபத்து நான்கு பாட்டுகளுக்கும் டோன்களை வரிசையாக அடுக்கினேன். பெடலைக் காலால் ஒரு மிதி மிதித்தால் அடுத்த பாட்டு தயார். திருவிடந்தையில் ஒரு கல்யாணம், முதல் பாட்டு முடிந்த கையோடு மாப்பிள்ளையின் தாய்மாமனிடமிருந்து சீட்டு வந்தது. அவர் கேட்டது பதினெட்டாவது பாட்டு. தாய்மாமன் சீட்டைத் திருப்பி அனுப்பிய குழு இந்தப் பக்கம் எதுவும் இல்லை. பதினேழு முறை மிதித்தேன். ரிதம் பேட் வாசிக்கும் பாபு, ஆரம்பத் தாளத்தையே சுற்றிச் சுற்றி அடித்து என்னைக் காப்பாற்றினார்.

தப்பான சத்தம் வரவில்லை. அதனால் வேலை தப்பியது. ஆனால் பாபு விடவில்லை. "இன்னா அண்ணாத்த, பாட்டுக்கு வாசிக்கிறியா, ஜாக்கெட்டு தெச்சிக்கினு கீறியா?"

மலரின் தட்டு

மூன்று நாள் செங்கல்பட்டு வீட்டில் கீபோர்டும் நோட்டுமாக உட்கார்ந்தேன். எந்தக் கச்சேரியானாலும் பன்னிரண்டு டோன்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றை முதல் வரிசையில் வைத்தேன். 'குழல்', 'நாதஸ்வரம்' என்று காதில் கேட்பதையே பெயராக வைத்தேன். டோனோடு சேர்ந்து பதிவாகாதபடி சுருதியைத் தனியே பிரித்தேன். நூற்று நாற்பது டோன்களை அழித்தேன். அதில் பதினாறு 'கடைசி'. எல்லாவற்றுக்கும் ஒரு நகலைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

யோசனை என்னுடையதல்ல. என் மனைவி மலர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். என் நோட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவள் கேட்டது இது: "தலைவலி மாத்திரைய யாராச்சும் ஏணி போட்டு எடுக்குற தட்டுல வெப்பாங்களா?"

மரியே வாழ்க

அடுத்தது மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்தில் மாதா கோயில் திருவிழா. மோகன் அண்ணன் வேனில் பாஸ்கரும் இருந்தான். அவன் கீபோர்டும் இருந்தது. மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடி என் கீபோர்டு மறுபடி விழித்தபோது, உள்ளே நான் சேமித்தது எதுவும் இல்லை. திரையைப் பார்த்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாஸ்கர் வேனுக்கு நடந்தான்.

சட்டைப்பையில் இருந்த பென் டிரைவைச் செருகினேன். ஸ்டெல்லா நிலைமையைப் புரிந்துகொண்டு, கூட்டத்தை "மரியே வாழ்க" சொல்லவைத்தார். ஒரு தரம், இன்னொரு தரம், கடற்கரை வரை கேட்கிற மாதிரி இன்னொரு தரம். பதினோராவது வாழ்கவில் முதல் வரிசை திரும்பி வந்தது. 'குழல்' என்றிருந்ததைத் தொட்டேன். குழலே வந்தது, சரியான சுருதியில். கீபோர்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாஸ்கர் பாதி வழி வந்திருந்தான். மோகன் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாஸ்கரு, அத்த வேன்லயே வெச்சுட்டு வா. பிரியாணி ஆறிடப் போவுது."

சென்ற ஆவணி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வேறொரு குழுவில் சேர்ந்தான். கேட்டானே என்று என் டோன்கள் முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்தேன், அவன் அதைத் தன் கீபோர்டில் 'கடைசி-2' என்று சேமித்துக்கொண்டான்.