தாழ்ப்பாள் போடாதே

கல்யாணமான புதிதில், அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். சட்டம் போட்டவன் அவள் கணவன். அதட்டிச் சொல்லவில்லை. தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "சும்மா சாத்திக்க, போதும். ஏதாவது ஆச்சுன்னா நான் உள்ள வரணும்ல?" என்றான். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே வந்து நிற்பான்.

"சரியா இருக்கியா?"

"இருக்கேங்க."

பதில் வந்த பிறகுதான் நகர்வான்.

அவளுக்கு வலிப்பு வரும் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வலிப்பு வந்ததே கிடையாது.

பொது நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். தண்ணீரைப் பார்த்ததும் அலறுகிற பிள்ளையின் வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து மிதக்கவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அதற்குத் தெரியாமல் கையை எடுத்துவிடுவாள். தான் தனியாக மிதப்பது தெரிந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே வேலைக்குப் போனதாகச் சொல்வாள்.

அவளுக்கு முதலில் வேறோர் இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருவரும் போனில் மணிக்கணக்காகப் பேசிச் சிரித்தார்கள். அப்படியிருக்க, ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குத் தண்ணிக்குள்ளயே வலிப்பு வந்து வெளிய தூக்கிப் போட்டாங்களாமே? இதைப் போய் மறைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

பேச்சு அங்கே நிற்கவில்லை. குளத்துக்கும் வந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். குளத்து மேலாளர் அவளை உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அவள் அப்பாவுக்கு இஸ்திரிக் கடை. துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், கேட்காமலே, "என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல ஜனங்களின் சந்தேகம் கூடியது. "நோய் இருந்தா இருக்குன்னு சொல்லிட்டுப் போறேன், அதுல என்ன வெட்கம்? இல்லாததை எப்படிம்மா இல்லைன்னு காட்டுறது?" என்று ஒருநாள் மகளிடமே கேட்டார். 

அந்தச் சமயத்தில்தான் கிரேன்காரன் பெண் கேட்டு வந்தான். கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்றில் டவர் கிரேன் ஓட்டுகிறவன். அவனுடைய அக்கா மகள் இவளிடம் நீச்சல் கற்றவள். அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது பார்த்த பழக்கம். அக்காவோடு வந்து உட்கார்ந்தவன், "ஊர் பேசறது என் காதுக்கும் வந்துச்சு மாமா. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்துக்குறேன்" என்றான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்தக் காலத்தில் இப்படியொரு மனசா என்று அக்கம்பக்கம் அவனைக் கொண்டாடியது.

கல்யாணமாகிக் குடிபோனது மாடியில் இரண்டு அறை. புதுப் பாத்திரங்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்றால் அவன் ஓட்டும் கிரேனின் நீளமான கை கூரைகளுக்கு மேலே மெதுவாகத் திரும்புவது தெரியும். அந்த வாரங்களை அவள் நன்றியில்தான் ஓட்டினாள். அவன் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்தாள்; அவன் சட்டைகளை அப்பா கடை மாதிரியே மடித்து வைத்தாள். அவன் மோசமானவனாகவும் நடந்துகொள்ளவில்லை. பாத்திரம் கழுவினான். மேலே கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து காற்றோடு பேசுவதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான். அவளுக்கு அவனைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிறகு அவளால் மன்னிக்க முடியாமல் போனது இதைத்தான்.

ஒரு விடுமுறை நாளில் அவன் அக்கா வந்தாள்; இவளுக்கு அண்ணி முறை. தம்பி பால் வாங்கப் போயிருந்தான். அண்ணியும் இவளும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாய் ஓயாத ஆள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நீ இப்ப இந்த வீட்ல உட்கார்ந்திருக்கேன்னா அதுக்கு நான்தான் காரணம், தெரியும்ல?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"நீங்கதானே அண்ணி பொண்ணு கேட்டு வந்தீங்க."

"அட, அது கடைசியில. அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் வீட்டுக்குப் போன் போட்டது யாருன்னு நினைச்சே? உனக்கு நிச்சயம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சதும் இவன் சோறு தண்ணி இல்லாம படுத்துட்டான். என்ன பேசணும்னு அவனே சொல்லிக்கொடுத்தான். வலிப்பு கிலிப்புன்னு எனக்கெங்க தோணும்? எல்லாம் அவன் மூளை. உன்மேல அவ்ளோ பைத்தியம்!" பேசிக்கொண்டே நிமிர்ந்தவள் இவள் முகத்தைப் பார்த்தாள். "உன்கிட்ட சொல்லலையா அவன்?"

"சொன்னார் அண்ணி" என்றாள் இவள். "நீங்க பேசினதுதான் தெரியாது."

மிச்சமிருந்த பீன்ஸையும் ஒரே அளவாக நறுக்கி முடித்தாள். பால் வந்தது, டீ போட்டாள், மூன்று பேரும் குடித்தார்கள். அண்ணி போன பிறகு குளிக்கப் போனாள்.

"சரியா இருக்கியா?"

தண்ணீர் தலையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்த ஆள் அவன்தான். தெரிந்தும் தினமும் அங்கே வந்து நின்று அதைக் கேட்கிறான்.

"இருக்கேங்க" என்றாள்.

கத்தலாம், பாத்திரத்தை எறியலாம், அப்பா வீட்டுக்குப் போய்விடலாம். எல்லாவற்றையும் யோசித்தாள். கத்தினால் அவன் அழுவான். அழுதால் ஊர் அவன் பக்கம் பேசும். அப்பா வீட்டுக்குப் போனால் வலிப்புக்காரியைக் கட்டியவன் தாக்குப்பிடிக்க முடியாமல் அனுப்பிவிட்டான் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன்தான் நல்லவன். அவள் வாயைத் திறக்காமல் சில நாள் இருந்தாள். அடுப்படி ஜன்னலில் நின்று கிரேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். வாசலில் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். தலைக்கவசம் இல்லாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடாத நடுவயது அம்மா. சாப்பாட்டை அவரிடம் நீட்டியவள், போகத் திரும்பி, நின்றாள்.

"மேடம், அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. முந்தாநாள் காலையில கண்ணு சொருகிக் கீழ விழுந்துட்டார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. எழுந்ததும் ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அவ்ளோ உயரத்துல போய் உட்கார்றார், பயமா இருக்கு மேடம்."

அவ்வளவுதான். அண்ணி போனில் பேசியதும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்.

அவள் வீட்டுக்கு வந்து ஜன்னலில் நின்றாள். கிரேனின் கை பாதித் திருப்பத்தில் நின்றிருந்தது. நெடுநேரம் அசையவில்லை. பிறகு வேறு யாரோ ஓட்டுவது போல வெட்டி வெட்டித் திரும்பியது. அவளுக்குப் பசித்தது. தட்டு நிறையப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள்.

அவன் வெளிறிப்போய் வந்தான். டாக்டரிடம் பரிசோதனை முடியும்வரை மேலே ஏறக் கூடாதாம். யாரோ வேண்டாதவன் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று புலம்பினான். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன், சொல்லச் சொல்ல ஒரு மாதிரி பாக்குறாங்க. நான் நின்னா ஒருத்தன் நாற்காலியைக் கொண்டுவந்து போடுறான்."

"கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்குறேன்" என்றாள்.

அடுத்தடுத்த நாள்களில் ஆள்கள் அவனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நடந்தார்கள். கூட வேலை செய்தவன் வீடு தேடி வந்து, இவளைத் தனியே அழைத்து, வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கக் கூடாதாமே என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு முகம் சுருங்கியது. அவள் எதையும் தவறவிடாமல் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளுக்கு முன்பே தெரிந்தது. நாற்காலி, இரக்கம், தாழ்ந்த குரல், எல்லாம்.

ஒரு சாயங்காலம் அவன் குளிக்கப் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய்க் கதவருகே நின்றாள்.

"தாழ்ப்பாள் போடாதீங்க. சும்மா சாத்திக்கங்க, போதும்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஏதாவது ஆச்சுன்னா நான் உள்ள வரணும்ல? சரியா இருக்கீங்களா?"

 வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஈரத் துண்டோடு நின்றவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவை தன்னுடைய வார்த்தைகள் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

"நீயா?" என்றான்.

"நான்தான்."

"அக்கா சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன? நீ சொல்லலை." கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "உன்மேல இருந்த ஆசையில பண்ணிட்டேன். வேற வழி தெரியலை."

"ஆசைன்னா வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டா கட்டிக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அதுவும் பதில்தான். அதைக் கேட்டுட்டுப் போயிருக்கணும்."

"என் பொழப்பே போயிடும். மேல ஏறலைன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"எனக்கு மட்டும் வேற என்ன தெரியும்னு நினைச்சே?"

அவன் அழுதான். அவள் காத்திருந்தாள். அழுது முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். எங்கெங்கே அந்தப் பொய் போனதோ அங்கெல்லாம் அவனே போய், அவன் வாயால் சொல்ல வேண்டும். அவள் கூட நிற்பாள். எல்லாம் முடிந்த பிறகு பாதுகாப்பு அதிகாரியிடம் அவள் பேசுவாள்.

முதலில் அப்பாவின் கடை. அவன் தலைகுனிந்து சொல்லி முடிக்கும்வரை அப்பா இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டையின் மேலேயே வைத்திருந்தார். துணி தீயும் நெடி வந்த பிறகுதான் தூக்கினார். "இந்தக் கையையா மாப்பிள்ளை நான் பிடிச்சிட்டு நின்னேன்?" என்றார். பிறகு, தீய்ந்த சட்டையின் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அடுத்து அண்ணியின் வீடு. "நான் என்னடீ பண்ணினேன், உனக்கு நல்லதுதானே நடந்துச்சு?" என்று அண்ணி எகிறினாள். இவள் போனை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். தம்பி, "பேசுக்கா" என்றான். கண்ணாடிக் கடைக்காரரின் அம்மாவிடம் அண்ணி திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். மறுமுனையில், "எங்க பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சு மருமக முழுகாம இருக்கா. இப்ப எதுக்கு இது?" என்ற குரல் இவள் காதிலும் விழுந்தது. அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்; போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

குளத்தில் மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அழைத்தால் வரக்கூடிய பெற்றோர்களை அழைத்து, அவர்கள் முன்னாலும் அவனைச் சொல்ல வைத்தாள். ஒரு அம்மா அவனைப் பார்த்துக் காறித் துப்பினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் மட்டும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பாதுகாப்பு அதிகாரியிடம் போய், தான் சொன்னது பொய் என்றாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவளை நிதானமாகப் பார்த்தார்.

"அன்னைக்கு சொன்னது பொய்யா, இன்னைக்கு சொல்றது பொய்யா? புருஷன் வேலை போயிடும்னு எத்தனை பொண்டாட்டிங்க வந்து இப்படி மாத்திச் சொல்றாங்க தெரியுமா?"

"டாக்டர் பார்த்தாரே மேடம்?"

"ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னார். வராதுன்னு சொல்லலையே. கீழ நூறு பேர் தலை இருக்கும்மா. நான் ஏத்த மாட்டேன்."

இது அவள் எதிர்பார்க்காதது. வெளியே காத்திருந்தவனிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னாள்.  "அப்படித்தான் இருக்கும்" என்றான் அவன். அன்றே அவள் தன் துணிகளை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை.

அவனுக்கு இப்போது தரையில்தான் வேலை. மேலே ஓட்டுகிறவனுக்குக் கையை ஆட்டிச் சைகை காட்டுகிறான். திரும்பி வருவாயா என்று இரண்டொரு தடவை ஆள் விட்டுக் கேட்டான். அவள் பதில் சொல்லி அனுப்பவில்லை.

அவளுக்குக் குளத்து வேலை திரும்பக் கிடைத்தது. பிள்ளைகள் எல்லோரும் வரவில்லை. வந்தவர்களிலும் ஒரு தகப்பன் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த நொடியும் குதிக்கத் தயாராக நிற்கிறார். அவர் தன் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்க்கிறார். அப்படி நிற்கிற ஆளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பழைய கோபம் புதிதாக ஏறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுக்கிறாள்.

கடையில் ஒருநாள் அப்பா கேட்டார். "அவனை நினைச்சா உனக்குப் பாவமா இல்லையாம்மா?"

 மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"இல்லைப்பா" என்றாள்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டையை விரித்தார்.