ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ரத்த தானக் குழு ஒன்று நடத்துகிறோம். கொடுப்பவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் என் லேப்டாப்பில்தான் இருந்தன. நாற்பது வயதுக்கு மேல் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த ஃபைலை ஒரு லிஸ்டாகப் படித்து, வகைவாரியாகப் பிரிக்கும் சின்ன புரோகிராம் எழுதியதில் எனக்கு ஒரே பெருமை.

ஒரு சனிக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க அந்த லிஸ்டை நகல் எடுத்தேன். எடுத்ததாக நினைத்தேன். ஒரு புதுப் பெயரை எழுதி, சமக்குறி போட்டு, பழைய லிஸ்டின் பெயரை எழுதினேன், அவ்வளவுதான். நகலிலிருந்து நெகட்டிவ் வகைக்காரர்களை நீக்கினேன். சரியாக வேலை செய்தது. பழைய லிஸ்டை அதே ஃபைலில் சேமித்துவிட்டுத் திறந்தால், அதிலும் நெகட்டிவ் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. சமக்குறி நகல் எடுக்கவில்லை, அதே லிஸ்டுக்கு இன்னொரு பெயர் வைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வேறு பிரதி என்னிடம் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். மகளுக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டுமாம்.

"யாராவது இருக்காங்களாம்மா?"

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார்" என்றேன். லிஸ்டு போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனால் நான்தான் காரணம்.

போனில் வந்த பழைய செய்திகளில் 'நெகட்டிவ்' என்று தேடினேன். கடைசியில், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கும் ஒருவர், தன் வகை ஓ நெகட்டிவ் என்று முன்பு அனுப்பிய செய்தி கிடைத்தது. முதல் முறை அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"தூங்கிக்கினு இருந்தேன்க்கா" என்றார். விஷயத்தைச் சொல்லி, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று கேட்டேன்.

"அது ஆச்சு, அஞ்சாறு மாசம். எந்த ஆஸ்பத்திரின்னு அனுப்புக்கா, கெளம்பிட்டேன்."

ஆஸ்பத்திரி பெயரை அனுப்பி, ஆள் வருகிறார் என்று பெரியவரிடமும் சொன்னேன். அதன்பிறகு சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தாலே பயமாக இருந்தது. மாலையில் பெரியவர் கூப்பிட்டார். மகள் பிழைத்துவிட்டாள், பெண் குழந்தை என்றார்.

அடுத்த வாரங்களில் குழுவில் ஒவ்வொருவரையாக விசாரித்து, அழிந்துபோன பெயர்களைச் சேர்த்தோம். சிலர் யாரென்று இன்னும் தெரியவில்லை.