இறகு முதலில் குளிருக்குத்தான்

றெஜினா அக்காவைக் கொன்றது எங்கள் கட்டடத்தின் முதலாளி. மருத்துவமனை நியூமோனியா என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. டோர்செட் பார்க் குடியிருப்பில் அவரோடு அந்தக் குளிரில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் போதாது. கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், "இண்டைக்கும் ஹீற்றர் இல்லை" என்று யாரோ போட்டிருந்ததற்கு நேர் கீழே அவருடைய மகளின் செய்தி வந்தது: "அம்மா போயிட்டா."

அக்கா மன்னாரிலிருந்து வந்தவர். அருங்காட்சியகத்தில் நானும் அவரும் ஒப்பந்த வழிகாட்டிகள். அவருடைய இடம் டைனோசர் கூடம். உடம்பெல்லாம் பஞ்சுபோல இறகு படிந்த ஒரு சிறிய டைனோசரின் புதைபடிவத்துக்கு முன்னால் நிற்பார். பறவைகள் பறப்பதற்கு வெகுகாலம் முன்பே இறகு வந்துவிட்டது என்பார். ஒருநாள் தமிழ்ப் பிள்ளைகள் வந்திருந்தபோது ஒரு சிறுமி விடவில்லை.

"பட், பறக்க ஏலாதெண்டா இறகு ஏன் அன்ரி?"

"நீ ஜக்கெற் போட்டிருக்கிறாய். பறக்கவே போறாய்?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "முதல் இறகு அனேகமா உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான் பிள்ளை. பிறகு வடிவுகாட்ட. கையில நீண்டு வளர்ந்தாப் பிறகுதான் காத்தில ஏறினது. உயிரோட இருந்தாத்தானே பறக்கலாம்."

இந்தக் குளிர்காலம் எங்கள் கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் பழுது. அக்கா மின்னடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். இருமலோடு வேலைக்கும் வந்தார். ஒப்பந்தக்காரருக்குச் சம்பளத்தோடு சுகயீன விடுப்பு கிடையாது.

குடியிருப்பாளர் கூட்டத்தில் கட்டட மேனேஜர், எங்கட தமிழ் ஆள்தான், "வீட்டுக்குள்ளயும் ஜக்கெற்றைப் போடுங்கோவன் அன்ரி" என்றார். அக்கா இருமி முடித்துச் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு இறகு முளைக்கக் கனகோடி வருஷம் செல்லும். அதுவரைக்கும் ஹீற்றரைப் போடுங்கோ."

எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். கோபத்தோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போனோம். பொயிலரை யாரும் தொடவில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் முதலாளியின் பெயரில் மலர்வளையம் வந்தது.

அவருடைய ஜக்கெற்றை மகள் எனக்குத் தந்தாள். தையல் விட்ட தோளிலிருந்து வாத்தின் தூவி ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பறக்க உதவாத, சூடு காக்க மட்டுமேயான இறகு. அதுவும் கூட்டத்தில் அவர் சொன்ன அந்தக் கடைசி வசனமும்தான் என்னிடம் இருக்கின்றன. எதுவும் மாறும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு மேனேஜரின் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் நடமாடும் சத்தம் கேட்டது.

"அக்காவின்ர மாடியில இன்னும் ஆக்கள் இருக்கினம். ஹீற்றரைப் போடுங்கோ."

சத்தம் நின்றது. திரும்பவும் தட்டினேன்.

"ஹீற்றரைப் போடுங்கோ."