முன் டயரின் அம்புக்குறி

என் தாய்மாமா திருமானூர் கடைத்தெருவில் பஞ்சர் கடை போட்ட மூன்றாவது மாதம், அப்பாவின் பைக்குக்கு இரண்டு டயரும் மாற்றினார். அந்தக் கடையில் அதைவிடப் பெரிய வேலை எதுவும் நடந்ததில்லை. அடுத்த மாதம் கடையே இல்லை. அதற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போனார். செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்கிறேன் என்று அம்மாவின் போனைப் பிரித்துப்போட்டார், அது திரும்பப் பேசவே இல்லை. கடைசியில் பெரம்பலூரில் ஒரு டயர் கடையில் இருந்து தொழில் பழகிவிட்டு வந்தபோது, இந்தத் தடவை தம்பி தேறிவிட்டான் என்று அம்மா நம்பினாள். அக்கம்பக்கத்தில் யார் வண்டிக்குக் காற்று குறைந்தாலும் மாமா கடையைக் கைகாட்டுவாள்.

டயர் மாற்றியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நானும் அப்பாவோடு போயிருந்தேன். புது டயரில் முடி மாதிரி ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும், அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின் டயரை மாமா நிதானமாகத்தான் போட்டார். முன் டயருக்கு வந்தபோது காற்றுப் பிடிக்க ஒரு டிராக்டர் வந்துவிட்டது. அப்பாவும் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். மாமா டிராக்டரை அனுப்பிவிட்டு வந்து மளமளவென்று டயரை ரிம்மில் ஏற்றி, சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

“ஓட்டிப் பாருங்க மச்சான், வெண்ணெ மாதிரி போவும்” என்றார்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்கு ஷூ வாங்க அரியலூருக்குப் புறப்பட்டோம். நானும் அப்பாவும் மட்டும். கீழப்பழுவூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பங்குனி வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. எதிரே வண்டி எதுவுமில்லை. அப்பா என்னிடம் ஏதோ பேசிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பிடித்திருந்த முதுகு பலகை போல விறைத்துக்கொண்டது. வண்டி மெதுவாக இடதுபக்கம் ஒதுங்கியது. யாரோ வீட்டுக்குப் போவதற்காக ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். ரோட்டோரம் இறங்கி, ஒரு கல்லில் மோதிச் சாய்ந்தது.

நான் புல்லில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பா வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தார். கையும் காலும் உதறிக்கொண்டிருந்தன. வயலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கிப் போய் அந்தப் பக்கம் நிறுத்தினார். இன்னொருவர் வண்டியிலிருந்து சாவியை உருவி அப்பாவின் கைக்குள் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். தொலைந்துவிடாமல் இருக்க வண்டிச் சாவியைப் பத்திரமாகக் கொடுக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நாக்கையும் கடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்தார். அம்மாவும் மாமாவும் டாக்டர் அறைக்குள் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். எலும்பு கூடிவிடுமாம் என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். எப்படி விழுந்தார் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அப்பாவுக்குப் பேச வரவில்லை. மழையில்லை, எதிரே லாரி வரவில்லை, பின்னே எப்படி என்று பெரியப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். பைக்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. பின் டயரில் அது சக்கரம் உருளும் பக்கம் பார்த்திருந்தது. முன் டயரில் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது.

உள்ளே போய்ச் சொன்னேன். “பெரியப்பா, முன் டயர்ல அம்பு பின்னாடி பாத்துக்கிட்டு இருக்கு.”

எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. பெரியவர்கள் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்த பெருமைதான். பெரியப்பா எழுந்துபோய் குனிந்து பார்த்தார். அப்புறம் மாமாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

மாமா வந்து சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அம்புக்குறியின் மேல் படிந்திருந்த மண்ணை விரலால் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமா. மாத்திப் போட்டுட்டேன். என் தப்புதான்” என்றார் மாமா.

பெரியப்பா என்னென்னவோ பேசினார். தொழில் தெரியாதவனுக்கு எதற்குக் கடை, பிள்ளையும் சேர்ந்து போயிருந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. தம்பியை யாராவது குறை சொன்னால் சும்மா விடாத அம்மா, அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து பைக்கைக் கீழப்பழுவூரில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பெரியப்பாவின் கட்டளை. அம்மா, மாமா, நான். மெக்கானிக் டயரை அழுத்திப் பார்த்தார், ரிம்மைச் சுற்றிப் பார்த்தார்.

“கழட்டித் திருப்பிப் போட்டா போதும்மா. புது டயரு, ஒண்ணும் ஆவல. மழைத்தண்ணி நின்னா இப்புடி போட்டது கொஞ்சம் வழுக்கும். காஞ்ச ரோட்டுல இதுக்காவ யாரும் வுழ மாட்டாங்க” என்றார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம். ரெண்டையும் மாத்திடுங்க” என்றாள் அம்மா.

“பின் டயரு சரியாத்தான இருக்கு?”

“இருக்கட்டும். இந்த டயரு இனிமே வூட்டுக்கு வரக் கூடாது.”

அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிறவள் அம்மா. ரப்பர் முடிகூட முழுசாக உதிராத இரண்டு டயர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்ளவே இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

டயரை மாற்றிப் போட்டு மச்சானையே விழவைத்தவன் என்ற பேச்சு திருமானூர் முழுக்கப் பரவியது. இரண்டு டயரையும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டார்களாமே என்பது அதற்குச் சாட்சியானது. காற்றுப் பிடிக்கக்கூட ஆள் வரவில்லை. ஈஸ்டருக்கு முன்னாலேயே மாமா கடையைக் காலி செய்துவிட்டு திருப்பூருக்குப் புறப்பட்டார். பனியன் கம்பெனியில் வேலை என்றார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரச்சொன்னார்.

“நீ கண்ணால பாத்ததத்தான சொன்ன பாப்பா. அதுல ஒண்ணும் தப்பில்ல” என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அப்பா அப்போது பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எலும்பு கூடியதும் ஜூன் மாதம் மறுபடி வேலைக்குப் போனார். மேலும் நான்கு வருடம் ஓட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, தா.பழூர்ப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனார். சாப்பிட்டதும் அம்மா அவருக்கு ஒரு மாத்திரை கொடுப்பாள். எலும்புக்கு என்று சொல்லியிருந்தாள். அத்தனை வருடம் எந்த எலும்புக்கு மாத்திரை போடுவார்கள் என்று நான் யோசித்ததில்லை.

பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வகுப்பில் வலிப்பு நோய் பற்றிப் பாடம் நடந்தது. உடம்பு விறைப்பது, தொண்டையிலிருந்து சத்தம் வருவது, நாக்கைக் கடித்துக்கொள்வது என்று மேடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நம் பக்கம் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்றார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறார். அன்றைக்கு அப்பாவுக்கு வந்தது வலிப்புதானே என்று நேரடியாகக் கேட்டேன். மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்து பேசினார்.

“டயர நான் மாத்திப் போட்டது நெசந்தான் பாப்பா. அது பொய்யில்ல. அதனால அவரு வுழல, அவ்வளவுதான்.”

“அப்பா ஒங்கள சொல்லச் சொன்னாரா?”

“யாரும் சொல்லல. இனிமே வண்டியே தொடக் கூடாதுன்னு டாக்டர் எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா வேன் வேலை போயிடும். ஒங்கம்மா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நீ வந்து அம்புக்குறின்னு சொன்ன. ஒங்கப்பா என்னப் பாத்தாரு. நான் வேற என்ன சொல்லட்டும்?”

அந்தக் கடை இருந்திருந்தால் இந்நேரம் நன்றாக ஓடியிருக்கும் என்றேன். நான் எங்க நிலைச்சு நின்னேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அம்மாவிடம் நான் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் டயரோடு நிற்காது. நாலாவது வரைக்கும் நான் அப்பாவின் வேனில்தான் பள்ளிக்குப் போனேன். அப்பா மறுபடி வேலைக்குப் போன அந்த ஜூன் மாதம், அம்மா என்னை வேனில் ஏற்ற மறுத்துவிட்டாள். நீ வளர்ந்துவிட்டாய், டவுன் பஸ்ஸில் போய்ப் பழகு என்றாள். அம்புக்குறியைப் பற்றிச் சொன்னதற்குத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அவளும் என்னோடு ஸ்டாப்புக்கு வந்து நிற்பாள். பஸ்ஸுக்கு முன்னால் வேன் வரும். அப்பா ஹாரன் அடிப்பார். ஜன்னலோரம் இருக்கும் பிள்ளைகள் எனக்குக் கையாட்டுவார்கள். அம்மா தலை நிமிர்ந்து அவர்களைப் பார்க்கவே மாட்டாள். உள்ளே இடம் இருந்தும் என்னை ஏற்றிவிடாத அவள்மேல், வேன் திருப்பத்தில் மறையும்வரை, எனக்குக் கோபம் கோபமாக வரும்.