தண்ணி படக்கூடாத நாள்

கறுப்பு கார் வாங்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை, கறுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். வாங்கிய மாதமே புத்தி வந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இருக்கும் ஒரே நிழல் வேப்பமரத்தடி. அங்கே நிறுத்தினால் காக்கை எச்சம், வெளியே நிறுத்தினால் வெயில். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே கூரை முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது.

வாக்ஸ் போட்டால் பெயின்ட் பிழைக்கும் என்றார் அலுவலகத்தில் ஒருவர். அவ்வளவுதான், அடுத்த பதினைந்து நாளும் எனக்கு அதே வேலை. சாப்பிடும்போதுகூட செல்போனில் வாக்ஸ் வீடியோதான்.

"என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி. உண்மைதான். அதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது.

கடைசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். டப்பாவில் கட்டி மெழுகு ஒன்று, பாட்டிலில் தண்ணீராக ஒன்று, ஸ்பிரே ஒன்று.

"டப்பான்னா கை வலிக்கத் தேய்க்கணும் சார். ஆனா தொடைச்சு எடுத்துட்டா அப்பவே வண்டிய வெளிய எடுக்கலாம். ரெண்டு மாசம் நிக்கும். பாட்டில் ஆறு மாசம் தாங்கும். என்ன, போட்ட பொறவு ஒரு நா பூரா தண்ணி படக்கூடாது. ஸ்பிரே சும்மா மினுமினுப்புக்கு."

டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். லேசாகத் தேங்காய் வாசனை அடித்தது. பிடித்தும் இருந்தது. ஆனால் ஆறு மாதம் என்ற பேச்சில் மயங்கி பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று அந்த டப்பாவை எடுத்திருந்தால் இதை எழுதும் நிலை எனக்கு வந்திருக்காது.

அது ஐப்பசி மாதம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பாட்டில் வாக்ஸைப் போட்டு முடித்தபோது மணி எட்டரை. பானெட்டில் என் முகம் தெரிந்தது. அந்தப் பெருமையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

மாமனார் மம்சாபுரத்தில் இருக்கிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகனிடம் ஓர் உதவி கேட்பதையே கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்.

"மாப்பிள்ளை, ஒங்களுக்குத் தோதுப்பட்டா மட்டும்..." என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பட்டாளத்தில் பதினோரு வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர், மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து சொந்த ஊரான கொல்லத்துக்கு ரயிலில் போகிறார். ரயில் ஏறிய பிறகுதான் போன் செய்திருக்கிறார். பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நிமிடம் நிற்கும். பார்த்து இருபது வருடம் ஆயிற்று. "இன்னைக்கு முகூர்த்தம், ஊருல ஒரு ஆட்டோ இல்ல. நீங்க காரக் கொண்டு வந்தா வெரசாப் போயிரலாம்."

நான் வானத்தைப் பார்த்தேன். மலைப்பக்கம் கருத்திருந்தது.

"மாமா, இப்பத்தான் வாக்ஸ் போட்டேன். நாளைக்கு வரைக்கும் தண்ணி படக்கூடாது. மழை வர்ற மாதிரி வேற இருக்கு. பஸ்ஸுல போயிரலாமே, நேரம் இருக்குல்ல?"

"அதுக்கென்ன மாப்பிள்ளை, பஸ்ஸுலயே போயிக்கிறேன்" என்றார்.

"எங்கப்பா வாயத் தொறந்து ஒங்ககிட்ட கேட்டது இதான் மொத தடவ" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். அப்போதும் நேரம் இருந்தது. சாவி என் சட்டைப் பையில்தான் கிடந்தது. நான் அசையவில்லை.

அன்று மழை பெய்யவில்லை. ஒரு தூறல்கூட இல்லை.

பஸ் தாமதம். மாமனார் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டபடி ரயில் பெட்டி வாசலிலேயே நின்று தேடியதாக நண்பர் போனில் சொன்னாராம். வீட்டு மரத்திலிருந்து அவருக்காகப் பறித்துக்கொண்டு போன கொய்யாப்பழத்தை மாமனார் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தை மாதம் அந்த நண்பர் இறந்துபோனார். மாமனார் பஸ்ஸிலேயே கொல்லம் போய்த் திரும்பினார். திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கே சொன்னார்.

ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன், அன்று தண்ணீர் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "ஒண்ணும் ஆகாது சார். ஆறு மாசம் நாலு மாசமாக் கொறையும். மறுபடி ஒரு தடவ போட்டாச் சரியாப் போச்சு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மாப்பிள்ளை. ரயிலு அன்னைக்குன்னு பாத்துச் சரியான நேரத்துக்கு வந்திருச்சு" என்று பழியை ரயில்மேல் போட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் வாக்ஸ் வாங்கவில்லை. போன மாதம் அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காரோடு போனேன். மூன்று வாரத் தூசியும் எச்சமும் அப்படியே இருந்தன. மாமனார் கதவருகே நின்று செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறி, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து அதற்குள் போட்டார்.

"செருப்போடயே ஏறுங்க மாமா."

"வேண்டாம் மாப்பிள்ளை, வண்டி அழுக்காயிரும்."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே என் காருக்காகக் கவலைப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அந்தச் செருப்புப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.