சைக்கிள் பாதையில் காய்ந்த மிளகு

என் சமையலறை மேல்தட்டில் ஒரு பாட்டில் மிளகு இருக்கிறது. ரசத்துக்கோ பொங்கலுக்கோ அதிலிருந்து ஒரு மணிகூட எடுத்ததில்லை. வீட்டில் மிளகு தீர்ந்தால் கடைக்கு ஓடுவேனே தவிர அதைத் திறக்க மாட்டேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மாற்றலாகி மலையிலிருந்து கீழே போன அன்று, "இதை நீயே வெச்சுக்க. என்னால சமைக்கவும் முடியல, கொட்டவும் முடியல" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனது அது.

வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கு நான் அறிவியல் ஆசிரியையாக வந்தபோதே அவர் அங்கே இருந்தார். அரசு கொடுத்த சைக்கிளில் மாணவிகள் சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்தால் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நிற்பார். வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வரும் சுற்றுலா வண்டிகள் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ரோட்டை ஒட்டிச் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று சலித்துக்கொண்டே கடைசியில் போட்டுக் கொடுத்தார்கள். ரோட்டைவிடச் சற்று உயரமாக, வழவழவென்று சிமெண்டுப் பாதை. முதல் நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே ஓட்டிக் காட்டினார். பத்தடி போவதற்குள் சாய்ந்தார். பிள்ளைகள் சிரிக்க, தானும் சிரித்தார். அதே கையோடு உத்தரவும் போட்டார்: இனி ஒருத்தியும் ரோட்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது.

அவரும் நானும் கீழிருந்து வந்தவர்கள். எங்கள் கண்ணுக்கு அது சைக்கிள் பாதை. மலைக்காரர்கள் கண்ணுக்கு அது நல்ல களம். குறை சொல்லவும் முடியாது. மேடும் பள்ளமுமான ஊரில் மட்டமாக, மண் ஒட்டாமல், நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? மிளகு பறிக்கும் காலம் வந்ததும் பாதையில் ஓரத்திலிருந்து ஓரம்வரை மிளகு காய்ந்தது. தலைமையாசிரியை வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். "வெயில் எறங்குனதும் அள்ளிருவோமுங்க டீச்சர்" என்பார்கள். மறுநாளும் காயும். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக வேண்டிய பண்டத்தின்மேல் சக்கரத்தை ஏற்ற எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? மிளகு வந்தால் ரோட்டில் இறங்குவார்கள், தாண்டியதும் மறுபடி பாதையில் ஏறுவார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி. பள்ளியிலேயே அவளைப்போல் சைக்கிள் ஓட்ட ஆள் இல்லை. ஒரு மாலை சரிவில் வேகமாக வந்தவள், தன் அம்மா காயப்போட்ட மிளகைக் கண்டதும் சட்டென்று ரோட்டில் இறங்கினாள். பின்னால் வந்த சுற்றுலா வேன் அடித்துவிட்டது. நாங்கள் ஓடிப் போனபோது டிரைவர் வேனருகே நின்றார். "சைக்கிளுக்குன்னு தனி வழி இருக்குதுங்களே, இந்தப் புள்ள எதுக்குங்க ரோட்டுக்கு வந்துச்சு?" என்று வந்தவர்களிடமெல்லாம் அதையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். பாதை இல்லாத காலத்தில், எந்த வளைவில் சைக்கிள் நிற்குமோ என்று டிரைவர்கள் பயந்து பயந்துதான் வண்டி ஓட்டினார்கள். பாதை வந்தது, அந்தப் பயம் போய்விட்டது.

பெண் பிழைத்துக்கொண்டாள். வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. தலைமையாசிரியை அவள் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் போனேன். "நான்தாம்மா ரோட்டுல போகாதேன்னு கண்டிச்சேன். ரோட்டுலயே வந்திருந்தா வேன்காரன் தூரத்துலயே பார்த்திருப்பான்" என்று அவர் உடைந்து அழுதார். பெண்ணின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்குங்க டீச்சர் அழுவறீங்க? நீங்க வழி உட்டீங்க. நாந்தானுங்க அதை அடைச்சுப் போட்டேன்." கிளம்பும்போது அந்த மிளகிலேயே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தலைமையாசிரியை அதை வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் கிடந்தவளிடம், "மிளகு மேலயே ஏத்திட்டு வந்திருக்கலாமே கண்ணு" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது என் மகள் அதே பள்ளியில் அதே வகுப்பு. அவளுக்கும் சைக்கிள் வந்துவிட்டது. பாதையிலா ரோட்டிலா என்று அவள் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதையில் மிளகு, ரோட்டில் வேன். தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "என்னைக் கேக்காதம்மா" என்று வைத்துவிட்டார்.

இன்று காலை அந்தப் பாட்டிலை இறக்கினேன். வாசல் சிமெண்டுத் தரையில் குறுக்காக மிளகைப் பரப்பினேன். "இது மேல ஏத்திப் பழகு. மெதுவா வா, ஆனா திருப்பாதே" என்றேன்.

"சறுக்குமேம்மா?"

"சறுக்கி இங்க விழு, பரவாயில்ல."

வந்தாள். முன்சக்கரம் மிளகைத் தொடப்போன நேரத்தில் கைப்பிடியை ஒடித்துச் செடிக்குள் இறங்கினாள். "திருப்பாதேன்னு சொன்னேனா இல்லையா!" என்று கத்தினேன்.

"நான் திருப்பலம்மா. கை தானாத் திரும்பிருச்சு."

சைக்கிளை அவளிடமிருந்து பிடுங்கி நானே ஏறினேன். மிளகின் அருகில் வந்ததும் என் கையும் திரும்பியது.

இருவரும் குனிந்து மிளகைப் பொறுக்க ஆரம்பித்தோம். அவளுக்குப் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.