முசியேவின் பளிங்குத் தண்ணீர்

பத்தொன்பது வருஷம் துணி மில்லின் வெளுப்புப் பிரிவில் பெராக்சைடு நெடியில் நின்றவன் முருகையன். மில் மூடியதும், புதுச்சேரியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தான். அங்கே அவனுக்கு வாய்த்த அதிகாரி சக்கரபாணி. ஆறு மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஆறு மாதத்தில் மனுஷர் வெயிலை மறந்தார், மோர்ச்சோற்றை மறந்தார். படிப்பு மட்டும் ஏறியதாகத் தெரியவில்லை. பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுவதுபோல் கூடத்தில் எல்லோரும் அவரை 'முசியே' என்றார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

1985-ல் தவளக்குப்பத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கிணற்றில் பூச்சிமருந்து இறங்கியிருப்பது தெரிந்தது. நிறமில்லை, வாசமில்லை, துளியூண்டு. ஆனாலும் வருஷக்கணக்கில் குடித்தால் உடம்பில் தங்கிவிடும். கிணற்றை மூடினார்கள். பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

அதை முறிக்க வழி உண்டு. தண்ணீரில் பெராக்சைடைக் கலந்து புறஊதா விளக்கின் முன்னே ஓடவிட வேண்டும். அந்த ஒளி பெராக்சைடை உடைக்கும். அது உடைகிற வேகத்தில் பூச்சிமருந்தும் துண்டு துண்டாகும். விளக்கு சரியாக எரியாவிட்டால் இரண்டும் அப்படியே கிடக்கும். முசியே கிணற்றடியில் தொட்டி கட்டி, விளக்கு மாட்டி, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தார். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் அழுதுவடிந்தது.

"ஐயா, வோல்டேஜ் இல்ல. வெளக்கு மினுக்குது," என்றான் முருகையன்.

"அப்ப பெராக்சைடு மருந்தை மூணு மடங்கா ஊத்து."

"வெளக்கு இல்லாம மருந்து இன்னா பண்ணும்ங்க?"

"நீ எந்த யூனிவர்சிட்டிப்பா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உன்ன நிரந்தரமாக்குற ஆர்டர் என் பையில கெடக்கு. கையெழுத்து போடணுமா, வேணாமா?"

முருகையன் ஊற்றினான். நாற்பத்தாறு வயசில் ஒரு கையெழுத்துக்காக வாயை மூடிக்கொண்ட தன்னை, முசியேவை விடவும் கேவலமாக நினைத்துக்கொண்டே ஊற்றினான்.

விழாவில் முசியே கழுத்தில் மாலையோடு கண்ணாடித் தம்ளரை வெயிலில் தூக்கிக் காட்டினார். "பளிங்கு மாதிரி இருக்கு பாருங்க." அது நேற்றும் பளிங்கு மாதிரிதான் இருந்தது. முந்தாநாளும்.

ஊர் வழக்கப்படி முதல் குடத்துக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டினார்கள். ஒரு சுமங்கலிதான் முதல் மடக்கு குடிக்க வேண்டும். முன்னே வந்தவள் குஞ்சம்மாள், அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த முருகையனின் அக்கா. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

"எந்தம்பி கைபட்ட தண்ணி," என்று பூரித்துப்போய்க் குடத்தில் கை விட்டாள்.

முருகையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். காலையில் பெராக்சைடு கேன் மூடி கிழித்த விரலின் துணிக்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, அந்த விரலைக் குடத்துக்குள் விட்டான்.

"கருமம், பூசை பண்ண தண்ணியில ரத்தக் கைய விடுறான் பாரு," என்றாள் பின்னால் ஒருத்தி.

விரலை எடுத்தான். காயத்தில் வெள்ளையாக நுரை பொங்கிற்று.

"பாருக்கா, ரத்தம் பட்டா பெராக்சைடு நுரைக்கும். மில்லுல மருந்து மிச்சமிருக்கான்னு இப்படித்தான் தெரிஞ்சிக்குவோம். ஊத்தின மருந்து ஒடையவே இல்ல. அப்ப பூச்சிமருந்தும் உள்ளதான் இருக்கு. குடிக்காத."

"இவன் சொல்றத நம்பாதீங்க. சுத்தமான தண்ணி," என்றார் முசியே.

குஞ்சம்மாள் ஏந்திய கையைக் கவிழ்த்தாள். "அப்ப கையில வெச்சிருக்கறத நீங்களே ஒரு மடக்கு குடிச்சிக் காட்டுங்க சாமி."

முசியே தம்ளரைப் பார்த்தார். "எனக்கு அல்சர்மா," என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாலை கசங்கியது. அவர் பையிலிருந்த தாளை எடுத்து, முருகையன் கண்ணெதிரே கிழித்தார். "நாளையிலேருந்து வராத."

"வரல முசியே. இதே தப்ப, மருந்து மிச்சம் வெச்சி, மில்லுல துணிக்குப் பண்ணவனுக்கு அரைநாள் கூலி புடிச்சாங்க. நீங்க ஜனங்களுக்குப் பண்ணீங்க. உங்களுக்குப் பதவி உயர்வுதான் வரும்."

குஞ்சம்மாள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஊர்ப் பாதையில் இறங்கினாள். முருகையன் இன்னொரு காலிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.